நாயை எத்தனை நாளுக்கு ஒருமுறை குளிப்பாட்டலாம்? கோலாலம்பூர் வெக்கைக்கு ஒரு கணக்கு

செந்தூலில் தரை வீடு. வீட்டுக்குள் வளரும் நான்கு வயது ஷிட்சு ஒன்று, கார் போர்ச்சில் படுக்கும் நாட்டு நாய் ஒன்று. இரண்டையும் வாரம் இருமுறை குளிப்பாட்டுகிறீர்கள், ஆனாலும் மூன்றாம் நாளே ஷிட்சு நாறுகிறது, காலை நக்கிக்கொண்டே இருக்கிறது. பெட் ஷாப்பில் வாரம் ஒருமுறை என்கிறார்கள், வீட்டுப் பெரியவர்கள் மாதம் ஒருமுறை போதும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

முதலில் நேரடியான பதில். போர்ச் நாய்க்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். ஷிட்சுவுக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை, கூடவே தினமும் சீவிவிட வேண்டும். ஆனால் உங்கள் ஷிட்சுவின் இப்போதைய நிலைமைக்குக் குளியல் எண்ணிக்கையைக் கூட்டியும் பயனில்லை, குறைத்தும் பயனில்லை. அதன் தோலை ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நம் ஊரில் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைத் தீர்மானிப்பது காய வைக்கும் வசதிதான். முடியின் அடிவரை, தோலைத் தொட்டால் ஈரம் தெரியாத அளவுக்குக் காய வைக்க உங்களுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை நேரம் கிடைக்கிறதோ, அதற்கு மேல் ஒரு முறைகூட நனைக்காதீர்கள். அழுக்கோடு ஒரு வாரம் கூடுதலாக இருந்த நாய்க்குப் பெரிதாக எதுவும் ஆகாது. அரைகுறையாகக் காய்ந்த நாய்க்கு இரண்டே நாளில் புண் வரும்.

நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது. நமக்கு மேல்தோலில் பத்து முதல் பதினைந்து அடுக்கு செல்கள் என்றால், நாய்க்கு முடி அடர்ந்த இடங்களில் மூன்று முதல் ஐந்து அடுக்குதான். அந்தக் குறையை ஈடுகட்டுவது முடியும், தோலில் சுரந்து முடி நெடுகப் படரும் எண்ணெய்ப் பசையும். மேல்தோல் முழுதாகப் புதுப்பிக்க ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். வாரம் இருமுறை சாதாரண ஷாம்பு போட்டால் எண்ணெய்ப் பசை ஊறி வருவதற்குள் மறுபடியும் கழுவிவிடுகிறோம். தோல் வறண்டு பொடுகு உதிரும். அரிப்பு எடுக்கும். சொறிந்த இடத்தில் கிருமி ஏறும். சில நாய்களுக்கு வறட்சிக்குப் பதிலாக எண்ணெய் கூடுதலாகச் சுரந்து, குளித்த மறுநாளே பிசுபிசுப்பு தெரியும். அப்போது இன்னும் அடிக்கடி குளிப்பாட்டத் தோன்றும், நிலைமை இன்னும் மோசமாகும்.

இந்த வெக்கையில் நாம் காலையும் மாலையும் குளிப்பதால் நாய்க்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்வை கொட்டுவதில்லை. அதற்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தில். உடம்புச் சூட்டை அது நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் தணிக்கிறது. சூடு தணியட்டும் என்று தினமும் ஹோஸ் பைப்பால் நனைத்து விடுவது, அடர்ந்த முடி உள்ள நாய்க்கு நல்லதே இல்லை. தண்ணீர் உள்முடியில் தங்கிவிடும், வெளிக்காற்றும் ஈரமாக இருப்பதால் ஆவியாகாது, தோல் ஈரத்திலேயே ஊறும். சூடு அதிகம் என்றால் வயிற்றையும் பாதங்களையும் நனைத்துக் காத்தாடிக்கு எதிரே படுக்க விடுங்கள், போதும்.

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஆண்டு முழுவதும் பகலில் 32, 33 டிகிரி, இரவில் 24 டிகிரிக்குப் பக்கம். விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும். குளிர்நாட்டுப் புத்தகங்களில் போட்டிருக்கும் “இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை” என்ற கணக்கு இங்கே சரிப்படாததற்குக் காரணம் இதுதான். நாய்த் தோலில் இயல்பாகவே குடியிருக்கும் மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சைக்கு வெப்பமும் ஈரமும் கொழுப்பும் சேர்ந்தால் கொண்டாட்டம். காது, விரலிடுக்கு, அக்குள், தொடை இடுக்கு, கழுத்தின் அடிப்பக்கம், முகத்து மடிப்பு ஆகிய இடங்களில் அது பெருகும். மூன்று நான்கு மாதம் கழுவாமல் விட்டாலும் பெருகும், கழுவி ஈரத்தோடு விட்டாலும் பெருகும்.

இனி எந்த நாய்க்கு எவ்வளவு என்பதைப் பார்ப்போம். குட்டை முடி நாட்டு நாய், பீகல், டோபர்மேன் வகைகள் வீட்டுக்குள்ளேயே இருந்தால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, வெளியில் மண்ணில் புரண்டால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ஷிட்சு, பூடில், மால்டீஸ் போல முடி வளர்ந்துகொண்டே போகும் நாய்களுக்கு ஏழு முதல் பதினான்கு நாள். இவற்றுக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை முடியைக் குறைத்து வெட்டினால் பாதி வேலை குறையும். பக், பிரெஞ்ச் புல்டாக் வகைகளுக்கு உடம்புக் குளியல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும், ஆனால் மூக்கு மடிப்பையும் வால் அடி மடிப்பையும் தினமும் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். எண்ணெய்த் தோல் உள்ள காக்கர் ஸ்பானியல், பாசெட் ஹவுண்ட் ஆகியவற்றுக்கு வாரம் ஒருமுறைகூடத் தேவைப்படலாம்.

கோல்டன் ரிட்ரீவர், ஹஸ்கி, பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்ட் ஆகியவற்றுக்கு முடி இரண்டு அடுக்கு. நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும், அதற்கு முன் இரண்டு நாள் சீவி உள்முடியை எடுத்துவிட வேண்டும். கோல்டன் ரிட்ரீவரை அடிவரை காய வைக்க நல்ல புளோவர் இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அந்த நேரம் உங்களிடம் இல்லை என்றால் ஐந்து வாரம், ஆறு வாரம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, இடையில் சீவுவதை மட்டும் விடாதீர்கள். சூட்டுக்காக ஹஸ்கியை மொட்டை அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம். வெயில் தோலில் நேராக அடிக்கும், பிறகு முளைக்கும் முடியும் பழையபடி வராமல் போகலாம்.

தோல் அலர்ஜி உள்ள நாய்களுக்குக் கணக்கே வேறு. அரிப்பைக் கிளப்பும் தூசியும் மகரந்தமும் தோலில் ஒட்டியிருப்பதைக் கழுவிவிட, மென்மையான ஷாம்புவில் வாரம் ஒருமுறை குளிப்பாட்டச் சொல்வார்கள். ஈஸ்ட் தொற்று உறுதியானால் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடினும் பூஞ்சைக்கொல்லியான மைக்கோனசோலும் தலா 2 விழுக்காடு கலந்த மருந்து ஷாம்புவில் வாரம் இருமுறை, பெரும்பாலும் மூன்று வாரம் போல. வாரம் இருமுறை என்பது இந்த மாதிரி சிகிச்சைக்குத்தான், அதுவும் மருத்துவர் சொன்ன காலம் வரைதான்.

சரியாகக் காய வைத்த ஆரோக்கியமான நாய் மூன்றாம் நாளில் நாறாது. நாறினால் எங்கிருந்து வருகிறது என்று மூக்கை வைத்துப் பாருங்கள். காதைத் திருப்பி முகருங்கள்: புளித்த மாவு போல வாடையும் பழுப்பு மெழுகும் இருந்தால் காதுத் தொற்று. விரல்களை விரித்துப் பாருங்கள்: இடுக்கில் சிவப்பு, வெள்ளை முடி என்றால் நக்கி நக்கிப் பழுப்பேறிய கறை, கொஞ்சம் புளிப்பு வாடை, இவை ஈஸ்ட் அடையாளம். வாயைத் திறந்து பாருங்கள்: பல்லில் காறை கட்டியிருந்தால் நாய் தன் உடம்பை நக்கும்போது வாய் நாற்றம் முடியெங்கும் ஏறும், எத்தனை ஷாம்பு போட்டாலும் போகாது. பின்பக்கத்தைத் தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டு போனால், மீன் நாற்றம் அடித்தால், ஆசனவாய்ச் சுரப்பி நிறைந்திருக்கிறது. இந்த நான்கில் எதையும் குளியல் தீர்க்காது. கடைசியில் சொன்ன சுரப்பியை ஒவ்வொரு குளியலிலும் பிதுக்கிவிடுவது சில குரூமிங் கடைகளில் வழக்கம். தொந்தரவு இல்லாத நாய்க்கு அது தேவையில்லை, அடிக்கடி பிதுக்கினால் வீக்கம்தான் வரும். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போது குளிப்பாட்டும் முறை. நேரத்தைக் காலை ஒன்பது பத்து மணிக்கு வையுங்கள். மழை இங்கே பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் கொட்டும், அதற்குள் நாய் காய்ந்துவிட வேண்டும். மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் கோலாலம்பூரில் மழை கூடும். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் ஈரமானவை, ஜனவரி, பிப்ரவரி உலர்ந்தவை. அந்த ஈர மாதங்களில் இடைவெளியை ஒரு வாரம் கூட்டிக்கொள்ளலாம். வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வந்து குளிப்பாட்டி, துண்டால் துடைத்துவிட்டு, போர்ச்சில் சிமெண்டுத் தரையில் படுக்க விடுவதுதான் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. படுத்த பக்கம் விடிய விடிய ஈரமாகவே இருக்கும்.

தண்ணீர் படுவதற்கு முன்பே சீவி, சிக்கு எடுத்துவிடுங்கள். சிக்கு நனைந்தால் இறுகிவிடும், அதற்குள் நுழைந்த ஷாம்பு வெளியே வராது, அடியில் தோல் வேகும். காதின் பின்பக்கம், அக்குள், கழுத்துப் பட்டை உரசும் இடம் ஆகிய மூன்றிலும்தான் சிக்கு அதிகம். பிரிக்க முடியாததைக் கத்தரிக்கோலால் வெட்டப் போகாதீர்கள், தோலும் சேர்ந்து வெட்டுப்படும். கிளிப்பர் மெஷினால் எடுங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். கால் வழுக்காமல் இருக்க ரப்பர் பாய் ஒன்று போடுங்கள், கால் வழுக்குவதாலேயே குளியலுக்குப் பயப்படும் நாய்கள் ஏராளம்.

தண்ணீர் வெதுவெதுப்பாக, 35 முதல் 37 டிகிரிக்குள் இருக்கட்டும். மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஊற்றினால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. வெயிலில் கிடந்த ஹோஸ் பைப்பில் முதலில் வரும் தண்ணீர் கையைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும். அதைக் கீழே விட்டுவிட்டு, குளிர்ந்த பிறகே நாய்மேல் திருப்புங்கள். தோல் வரை நனைய மூன்று முதல் ஐந்து நிமிடம் பிடிக்கும். மேலாக நனைந்த முடியில் ஷாம்பு போட்டால் ஒரே இடத்தில் கட்டியாக நிற்கும், உள்ளே போகாது.

ஷாம்புவை நேரடியாக ஊற்றாமல் ஒரு குவளையில் கலந்து ஊற்றுங்கள். கலக்கும் அளவு லேபிளில் இருக்கும். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் என்பது பல ஷாம்புகளுக்குப் பொதுவான அளவு, மருந்து ஷாம்புவுக்கு மருத்துவர் சொல்வதுதான் அளவு. முதலில் கழுத்தைச் சுற்றி ஒரு நுரை வளையம் போடுங்கள், தெள்ளுப்பூச்சியும் உண்ணியும் தலைக்கு ஏறி ஓடாமல் இருக்க. பிறகு முதுகு, விலா, வயிறு, கால், கடைசியாக வால். முடி படியும் திசையிலேயே விரல் நுனியால் தேயுங்கள். முகத்துக்கு ஷாம்பு வேண்டாம், ஈரத்துணி போதும். காதுக்குள் தண்ணீர் போகக்கூடாது. நாயின் காதுக் குழாய் கீழே இறங்கி உள்ளே வளைந்து போவதால் போன தண்ணீர் தானாக வெளியே வராது. மருந்து ஷாம்பு என்றால் நுரையோடு முழுதாகப் பத்து நிமிடம் விட வேண்டும், கடிகாரத்தைப் பார்த்துப் பத்து. மூன்று நிமிடத்தில் கழுவிவிட்டு “மருந்து வேலை செய்யவில்லை” என்று சொல்லும் வீடுகளே அதிகம்.

அலசுவதற்கு, நுரை போட்ட நேரத்தைப் போல இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். அக்குள், தொடை இடுக்கு, விரலிடுக்கு, வாலின் அடிப்பக்கம் ஆகியவற்றில்தான் ஷாம்பு தங்கும், இரண்டாம் நாள் அங்கேதான் அரிக்க ஆரம்பிக்கும். முடியைப் பிழிந்தால் வழியும் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், விரலுக்கு வழவழப்பு தெரியக்கூடாது. தண்ணீர்த் தடை அறிவித்திருக்கும் நாளில், வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு அரைகுறையாக அலசுவதைவிடக் குளியலையே தள்ளிப் போடுங்கள். போர்ச்சிலிருந்து தண்ணீர் ஓடும் வாய்க்காலில் ஒரு வலைத்துணி கட்டிவிட்டால், முடி லோங்காங்குக்குள் (தெருச் சாக்கடைக்குள்) போய் அடைக்காது, பக்கத்து வீட்டு வாசலிலும் ஒதுங்காது.

காய வைப்பதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். துண்டால் தேய்க்காதீர்கள், சிக்கு விழும். ஒற்றிப் பிழியுங்கள். ஒரு நாய்க்கு இரண்டு மூன்று துண்டாவது வேண்டும், முதல் துண்டு நனைந்த பிறகும் அதையே வைத்துத் துடைப்பதில் பலனில்லை. குட்டை முடி நாயைத் துடைத்துவிட்டுக் காத்தாடிக்கு எதிரே ஒரு மணி நேரம் விட்டால் போதும். ஏர்கான் அறையில் காற்றின் ஈரம் குறைவு என்பதால் இன்னும் சீக்கிரம் காயும், குட்டியும் கிழ நாயும் நடுங்கினால் மட்டும் வெளியே கொண்டுவாருங்கள். நீள முடிக்கும் இரட்டை முடிக்கும் புளோவர் தேவை. நம் ஹேர் டிரையரைப் பயன்படுத்தினால் குறைந்த சூட்டில், 20 சென்டிமீட்டராவது தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். மற்றக் கையை நாயின் தோலில், காற்று படும் இடத்திலேயே வையுங்கள். உங்கள் கை சுட்டால் நாய்க்கும் சுடும். மூக்கு சப்பையான பக், ஷிட்சு, புல்டாக் ஆகியவற்றுக்குச் சூடான காற்று ஆபத்து, மூச்சு வாங்க ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். கடைக்கு அனுப்பினால், சூடான காற்று அடிக்கும் கூண்டில் அடைத்துவிட்டு ஆள் நகர்ந்துவிடுவார்களா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். அப்படி அடைத்து வெப்பத் தாக்கில் நாய்கள் இறப்பதுண்டு.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க மேல்முடியைத் தடவினால் தெரியாது. காதுக்குக் கீழே, கழுத்துப் பிடரியில், தொடையின் பின்பக்கத்தில், வால் தொடங்கும் இடத்தில் முடியை வகிடு எடுத்துப் பிரித்து, விரல் நுனியைத் தோலில் வைத்துப் பாருங்கள். குளுகுளு என்று பட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது. அங்கே விட்டால் வருவதுதான் ஈரப் புண்: காலையில் இருந்திருக்காது, மாலையில் ஐம்பது சென் நாணயம் அளவுக்கு முடி கொட்டி, சிவந்து, நீர் கசிந்து, தொட்டால் நாய் கத்தும். கோல்டன் ரிட்ரீவருக்குக் கன்னத்திலும் காதடியிலும் வருவது இதுதான். சுற்றியுள்ள முடியை வெட்டிக் காற்றுப் பட விட்டு, நக்க முடியாதபடி கழுத்துக்குக் கூம்பு மாட்டி, அன்றே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள்.

காதுக்கு, குளித்த பிறகு நாய்க்கென்று விற்கும் காது சுத்திகரிப்பு மருந்தைச் சில சொட்டு விட்டு, காதடியைப் பிசைந்து, தலையை உதற விட்டு, வெளியே வந்ததைப் பஞ்சால் துடைத்தால் போதும். காட்டன் பட் போட்டுக் குடையாதீர்கள்.

ஷாம்பு விஷயத்தில் ஓர் எச்சரிக்கையைப் பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். தண்ணீர் கலந்து மிச்சமான ஷாம்புவைப் பாட்டிலில் வைத்து அடுத்த வாரம் பயன்படுத்தாதீர்கள். கலந்த ஷாம்புவில் சூடோமோனஸ் என்ற பாக்டீரியா வளரும். அதை முடிக்கு எதிர்த்திசையில் அழுத்தித் தேய்க்கும்போது முடிவேர்க் குழிக்குள் புகுந்து, குளித்த ஒன்றிரண்டு நாளில் முதுகு நெடுகக் கொப்புளமும் கடுமையான வலியும் காய்ச்சலும் வரும். நாய் சாப்பிடாது, முதுகில் கை வைத்தால் துடிக்கும். வெளியே புண் தெரியுமுன்பே வலி வந்துவிடுவதால் முதுகெலும்புப் பிரச்சினை என்று நினைத்துவிடுவார்கள். குளிப்பாட்டிய தேதியை மருத்துவரிடம் சொன்னால் சரியாகப் பிடிப்பார். நம் ஊர்ச் சூட்டில் குளியலறை மூலையில் கிடக்கும் கலந்த பாட்டிலை அன்றன்றே கொட்டிவிடுவதுதான் பாதுகாப்பு. பெரிய கேனில் வாங்கிப் பிரித்து ஊற்றிக்கொண்டால் பாட்டிலைக் கழுவிக் காய வைத்த பிறகே நிரப்புங்கள்.

நம் ஷாம்பு நாய்க்கு ஒத்துக்கொள்ளாது. நம் தோலின் அமில அளவு (pH) 5.5-ஐ ஒட்டியது, நாய்த் தோல் 6-க்கு மேல், ஏறக்குறைய நடுநிலையில் நிற்பது. துணி சோப்பும் குளியல் சோப்புக் கட்டியும் காரத்தன்மை மிகுந்தவை, இன்னும் மோசம். பாத்திரம் கழுவும் திரவம் எண்ணெய்ப் பசையை முழுக்க உரித்துவிடும், தோலில் எஞ்சின் ஆயில் ஒட்டிவிட்டால் மட்டும் ஒருமுறை பயன்படுத்தலாம். டெட்டால் கலந்த தண்ணீர் பல வீடுகளில் வழக்கம். அது தோலை எரிக்கும், நாய் நக்கினால் வாயும் வயிறும் புண்ணாகும். வீட்டில் பூனையும் இருந்தால் அதற்கு நஞ்சு. மண்ணெண்ணெயும் பழைய எஞ்சின் ஆயிலும் சொறிக்குப் பூசுவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. தோல் வெந்து, நுரையீரல், ஈரல் வரை பாதிக்கும். சொறிக்கு மருத்துவரிடம் நல்ல மாத்திரை இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊற வைப்பதும் இந்த ஈரக் காற்றில் வேண்டாம், நாய் நக்கி வயிற்றோட்டம் வரும், ஈஸ்ட் இருந்தால் அதற்குத் தீனியாகும். வேப்பிலை வேக வைத்த தண்ணீரில் கடைசியாக ஓர் அலசு அலசினால் கெடுதல் இல்லை. ஆனால் அது உண்ணியைக் கொல்லும் என்று நம்பி மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

உண்ணிக்கும் குளியலுக்கும் உள்ள தொடர்பில்தான் அதிகக் குழப்பம். உண்ணி ஷாம்பு அந்த நேரத்தில் உடம்பில் இருப்பதைத்தான் கொல்லும், மறுநாள் ஏறுவதைத் தடுக்காது. நம் வீடுகளில் பரவும் பழுப்பு உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சுவர் விரிசலிலும் கேட் இடுக்கிலும் கூரைச் சட்டத்திலும் கழிக்கிறது. முட்டையும் அங்கேதான், ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் இடும். ரத்தத்தைத் தாக்கும் எர்லிக்கியா, பபீசியா நோய்களைப் பரப்புவது இதுதான், ஆகவே இதை அலட்சியப்படுத்த முடியாது. பிடரியில் சொட்டு விடும் மருந்து போட்டால், அதற்கு இரண்டு நாள் முன்னும் இரண்டு நாள் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. அந்த மருந்து தோலின் எண்ணெய்ப் பசை வழியாகத்தான் உடம்பெங்கும் பரவுகிறது, பசையைக் கழுவிவிட்டால் மருந்து போட்டும் பயனில்லை. வாரம் இருமுறை குளிக்கும் நாய்க்குச் சொட்டு மருந்து நிற்பதில்லை என்பதற்கும் இதுவே காரணம். அடிக்கடி குளிப்பாட்டியே ஆக வேண்டும் என்றால் வாய்வழி மாத்திரைக்கு மாறுங்கள்: அஃபாக்சோலனர் மாதம் ஒருமுறை, ஃப்ளூரலனர் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை. குளியல் அவற்றைப் பாதிக்காது. வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய் என்றால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்து பூனையைக் கொல்லும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அட்டவணையைப் பார்க்காமல் உடனே குளிப்பாட்ட வேண்டிய நேரங்களும் உண்டு. வெள்ளத் தண்ணீரிலோ லோங்காங்கிலோ இறங்கிய நாயை அன்றே கழுவுங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், நாய்க்கும் வரும், நமக்கும் வரும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கையில் கீறல் இருந்தால் இன்னும் கவனம். நாய்க்கு அதற்கான தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டும். பினாங்கில் பத்து பெரிங்கி கடற்கரையில் ஓடவிட்டு வந்தால் ஷாம்பு தேவையில்லை, நல்ல தண்ணீரில் உப்பும் மணலும் போக அலசி, வழக்கம் போலக் காய வைத்தால் போதும். அது ஒரு குளியலாகக் கணக்கில் சேராது. புகைமூட்டக் காலத்தில் முடியில் படியும் சாம்பலுக்கு நடைக்குப் பிறகு ஈரத்துணியால் துடைத்துவிடுவதே போதுமானது.

குட்டியை எட்டு வாரம் வரை முழுதாகக் குளிப்பாட்டாமல் துடைத்தே சமாளிக்கலாம். அதற்குப் பிறகு வீட்டில் குளிப்பாட்டலாம், ஆனால் தடுப்பூசித் தொடர் முடியும் பதினாறு வாரம் வரை குரூமிங் கடைக்கு அனுப்ப வேண்டாம். குட்டிகளைக் கொல்லும் வயிற்றோட்ட நோயைப் பரப்பும் பார்வோ கிருமி அங்கே தரையிலும் மேசையிலும் காத்திருக்கலாம். கருத்தடை போன்ற அறுவைக்குப் பிறகு தையல் பிரிக்கும்வரை, பத்து முதல் பதினான்கு நாள், காயம் நனையக் கூடாது.

இனி உங்கள் இரண்டு நாய்க்கும் வருவோம். போர்ச் நாயை மூன்று வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை காலையில் குளிப்பாட்டுங்கள். வாரம் இருமுறை ரப்பர் பிரஷ்ஷால் சீவி, காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பாருங்கள். இரண்டு மாதத்தில் அதன் முடி பளபளப்பாகும், பொடுகு குறையும்.

ஷிட்சுவை இந்த வாரம் குளிப்பாட்டாமல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். பரிசோதனைக்கு முந்தின நாள் குளிப்பாட்டினால் தோலில் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் கழுவிப் போய், மைக்ரோஸ்கோப்பில் எதுவும் தெரியாது. விரலிடுக்கிலிருந்தும் காதிலிருந்தும் டேப் ஒட்டியோ பஞ்சால் ஒற்றியோ எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலான கிளினிக்குகளில் சில நிமிடத்தில் முடியும் சோதனை இது. ஈஸ்ட் இருந்தால் மேலே சொன்ன மருந்து ஷாம்பு. அது ஆறிய பிறகும் ஒன்றிரண்டு மாதத்தில் திரும்பி வந்தால் அடியில் அலர்ஜி இருக்கிறது என்று பொருள். அப்போது எட்டு வாரம் உணவை மாற்றிப் பார்ப்பது, தோல் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பக் கேட்பது என்று போக வேண்டும். சிக்கலான நிலைகளைச் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு அனுப்புவதும் உண்டு. இதற்கிடையில் ஒவ்வொரு நடைக்கும் பிறகு நான்கு பாதங்களையும் வெறும் தண்ணீரில் அலசி, விரலிடுக்குக்குள் துணி நுழைத்து ஒற்றி எடுங்கள்.